பட்டியலில் இல்லாத நேரம்

எனக்கு எவன் பேச்சிலும் நம்பிக்கை கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் நூல் மில்லில் கிடந்தவனுக்கு அது வராது. எங்கள் மில்லில் ஆஜர் புத்தகம் இரண்டு இருந்தது. ஒன்று எங்களுக்குக் காட்ட, ஒன்று இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட. மெஷினில் மூன்று விரலைக் கொடுத்த கொம்பையா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று இரண்டாவது புத்தகம் சொன்னது. விரல் எங்கே போனது என்று அது சொல்லவில்லை. அன்றிலிருந்து எழுதி வைத்த எதையும் நான் நம்புவதில்லை. இப்போது நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த மில்தான் இப்போது தூக்கக் கூடம்.

சித்திரை பிறந்தால் ஆவணி முடியும்வரை இந்தக் கரிசல் காட்டில் வெயில் ஆளைத் தின்கிறது. வருகிற தண்ணீர் பாதிச் சனத்துக்குத்தான் காணும். அதனால் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ரேஷன் கார்டிலும் பாதிப் பேர் அந்த ஐந்து மாதமும் தூங்க வேண்டும். இந்த வருஷம் நீ தூங்கு, அடுத்த வருஷம் நான் தூங்குகிறேன். ஊசி போட்டு, உடம்பைக் குளிர வைத்து, கண்ணாடி மூடி போட்ட கட்டிலில் கிடத்திவிடுவார்கள். நிமிஷத்துக்கு நாலு மூச்சு. நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதுவும் ஊசி வழியாக. நடுவில் எழுப்பக் கூடாது. எழுப்பினால் ரத்தம் கட்டிப்போகும், ஆள் பிழைக்காது. படுத்தால் ஆவணி கடைசியில்தான் எழுந்திருக்க வேண்டும்.

பழைய ஸ்பின்னிங் ஷெட்டில் நானூற்றுப் பன்னிரண்டு கட்டில். நாங்கள் ஒரு நேரத்துக்குப் பன்னிரண்டு பேர் சுற்றுவோம். கால் மணிக்கு ஒரு தடவை இரும்புக் கதவு திறக்கும். உள்ளே போய் அவனவன் வரிசையில் நடக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, மூச்சுக் குழாய் நேராக இருக்கிறதா என்று பார்த்துக் கால்மாட்டில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஒரு டிக். தூங்குகிற உடம்பு சில நேரம் சிலிர்க்கும். அப்போது தோள் அமுங்கிக் குழாய் மடங்கும். மூடியைத் தூக்கி நிமிர்த்திவிட்டால் சரி. அத்தனை பேரில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை நடக்கும். குழாய் மடங்கினால் ஒரு மணி பத்து நிமிஷம் தாங்கும் என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் வருஷம் கட்டிலுக்குக் கட்டில் அலாரம் இருந்தது. சும்மா சும்மா கத்துகிறது என்று கழற்றிவிட்டார்கள். எங்களை வைத்தார்கள். நாங்கள் கத்துவதில்லை.

கதவு எப்போது திறக்க வேண்டும், மூடி எப்போது திறக்க வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் ரூமில் ஜெசிந்தா போடுகிற பட்டியலில் இருக்கும். கண்ட நேரத்தில் திறந்தால் குளிர் போய்விடும் என்பதால் பட்டியலில் இல்லாத நேரத்தில் இரண்டும் திறக்காது. ஜெசிந்தாவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம், நாற்பது வயசு இருக்கும். புருஷனை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இதே கூடத்தில் படுக்க வைக்கிறவள்.

இந்த வருஷம் என் வீட்டில் சண்முகக்கனியின் முறை. பங்குனி கடைசியில் படுக்க வைக்கிற நேரத்தை வாசல் பலகையில் ஒட்டினார்கள். அவள் பெயருக்கு நேராக வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் என்று இருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேரே உள்ளே போனேன்.

"எம்மா, வெள்ளிக்கெழம பத்தே முக்கால்ல எம்பொண்டாட்டியப் படுக்க வைக்கப் போறியா? அது என்ன நேரம்னு தெரியுமா?"

"என்ன நேரம் அண்ணாச்சி?"

"ராகு காலம்லா. பத்தரை பன்னெண்டு. ஒரு செருப்புக்கூட வாங்க மாட்டோம் அந்த நேரத்துல. அஞ்சு மாசம் பொணம் மாரிக் கெடக்கப் போறவள அதுலயா கெடத்துவ?"

"நான் ஆளு பாத்துப் போடலை அண்ணாச்சி. இங்க பாருங்க." கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாள். "ஆரம்பிக்கிற நேரம், முடியிற நேரம், எவ்வளவு நேரத்துக்கு ஒண்ணு, எந்த மாதிரி எழுதணும். நாலு சொன்னாப் போதும்." விசையைத் தட்டினாள். மூட்டை அவிழ்ந்து கம்பு கொட்டுகிற மாதிரி நேரமாகக் கொட்டியது. ஒரு மாதத்து நேரம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றுவிட்டது.

"இது எதுக்கான நேரம்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. படுக்க வைக்கவா, எழுப்பவா, கதவு தெறக்கவா, அதெல்லாம் இதுக்கு ஒண்ணுதான். வரிசையா நேரம் போடும். அவ்வளவுதான்."

"அப்ப ராகு காலத்த விட்டுட்டுப் போடச் சொல்லு."

"அது தெனமும் ஒரே நேரமா?"

"கெழமைக்கு ஒண்ணு." சுவரில் தொங்கிய தினக் காலண்டரைக் காட்டினேன். "ஏழு தாளத் திருப்பிப் பாரு. அச்சடிச்சிருக்கான்."

அவளுக்கு மனசில்லை. ஆனால் எனக்குப் பின்னால் வாசலில் முப்பது நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அவரவர் வீட்டு நேரத்தைப் பார்த்துவிட்டு அவரவர் சத்தம். போன வருஷம் இதே சண்டையில் ஒரு ஜன்னல் போனது. அவள் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏழு நாளையும் தட்டினாள். சண்முகக்கனியின் நேரம் பன்னிரண்டு என்று மாறியது. நான் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தேன். எவனும் செய்யாததைச் செய்துவிட்டேன் என்று நினைப்பு.

படுக்கப் போகும்போது சண்முகக்கனி, "பல்லு வெளக்காமக் கெடப்பேனே, எழுப்பும்போது தள்ளியே நில்லும்" என்றாள். அவ்வளவுதான் பேசினது.

சித்திரை முதல் தேதி சுற்று ஆரம்பித்தது. காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை என் வேலை. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை ஏழே காலுக்குச் சுற்றி முடித்து வெளியே வந்தோம். ஏழரைக்குக் கதவு திறக்கவில்லை. ஏழே முக்காலுக்கும் திறக்கவில்லை. ஒன்பது மணிக்குத்தான் திறந்தது. புதன்கிழமை பதினொன்றே முக்கால் சுற்றோடு மூடி ஒன்றரைக்குத் திறந்தது. அதற்குள் எங்களில் ஒருத்தன், கனிராஜ், கடைக்குப் போய் டீ வாங்கி வந்துவிட்டான். பன்னிரண்டு பேரும் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தோம்.

மைதீன் பாய் எனக்கு அடுத்த வரிசைக்காரர். வாய் சும்மா இருக்காது. "என்ன வே ஐகோர்ட்டு, நீரு ஆயிரம் தீர்ப்பு சொன்னாலும் இந்த ஒரு தீர்ப்பு போதும். எங்களுக்கு ராகு கெடையாது, ஆனா ராகு டீ உண்டு."

என் பெயர் ஐகோர்ட்டுதான். எங்கள் குலசாமி பெயர். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அது ராகு காலம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கதவு ஏன் திறக்கவில்லை என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உலகத்தில் எதையும் நம்பாத நான், கால் வலிக்கு ஓய்வு கிடைத்ததும் அதை மட்டும் நம்பினேன். நிர்வாகம் யோசித்துத்தான் விட்டிருக்கும் என்று இருந்துவிட்டேன். நிர்வாகம் என்றைக்கு யோசித்தது?

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தே கால் சுற்றில் என் வரிசை முழுக்க நன்றாக இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் கட்டிலில் தவசிமுத்து. லாரி ஓட்டுகிற பையன், முப்பத்து நாலு வயசு. நிஜத்தில் இந்த வருஷம் அவன் அம்மா கோமதியின் முறை. அவளுக்குக் கண்ணாடி மூடியைப் பார்த்தாலே மூச்சு முட்டும். படுக்கிற அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து அழுதாள். "சரி, நான் படுக்கேன், நீ அடுத்த வருசம் படு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவன் அவன். அங்கிருந்து ஏழு கட்டில் தள்ளி, இருநூற்றுப் பத்தொன்பதில் சண்முகக்கனி.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. தவசிமுத்துவின் நெஞ்சு ஏறவில்லை. மூடியைத் தூக்கினேன். குழாய் தோளுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தினேன். காற்று போகிற சத்தம் கேட்டது. போகிற இடத்தில் ஒன்றுமில்லை. உதடு நாவல்பழம் மாதிரி இருந்தது.

அவனை அப்படியே போட்டுவிட்டு ஏழு கட்டில் ஓடினேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. அதற்கப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

சாயங்காலம் ஜெசிந்தாவின் அறைக்குப் போனேன். அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள்.

"தொண்ணூறு அண்ணாச்சி."

"என்னது தொண்ணூறு?"

"கால் மணிக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்குத் தொண்ணூத்தாறு சுத்து. பட்டியல்ல தொண்ணூறுதான் இருக்கு. ராகு காலத்து ஆறு நேரம் இல்ல."

"படுக்க வைக்கதுக்குத்தான ராகு காலத்த எடுக்கச் சொன்னேன்? சுத்துக்கு யாரு எடுக்கச் சொன்னா?"

"எல்லாப் பட்டியலும் ஒரே கட்டளை வழியாத்தான் போவுது. நான் அதுலயே எழுதிட்டேன். எழுப்பும்போதும் சண்டை வரும்லா, ஒரேயடியா எழுதிட்டா ஒருத்தரும் வந்து கேக்க மாட்டாங்கன்னு…" நிறுத்தினாள். "சுத்து ஞாபகத்துக்கே வரலை. நானா யோசிக்கணும், அதுவா யோசிக்காது."

"எனக்கு ஞாபகம் வந்துச்சு" என்றேன். "மூணு மாசமா உக்காந்து டீ குடிச்சேன்."

நான் திரையைக் காட்டினேன்.

"இப்பவே எடுத்துரு அத."

"முடியாது அண்ணாச்சி. அப்பவே உறவினர் கோரிக்கைன்னு மேல எழுதி அனுமதி வாங்கியாச்சு. அவங்க கூடிக் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்கலாம். திங்கக்கெழம விசாரணைக்கு ஆபீசர் வாராரு, அன்னைக்கே கூட்டம் போடச் சொல்லியிருக்காரு." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு செய்யலாம். ரெண்டு பட்டியல் போடுதேன். வாசல் பலகைக்கு ஒண்ணு, அதுல ராகு காலம் இருக்காது. கதவுக்கு ஒண்ணு, அதுல தொண்ணூத்தாறும் இருக்கும். ஒரு வரி அடிச்சாப் போதும். ஒங்க பன்னெண்டு பேரத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இன்னைக்கே போட்டுருதேன். என்ன சொல்லுதீங்க?"

கொம்பையாவின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வேண்டாம்மா. ரெண்டு புஸ்தகம் வச்சிருந்தவன்கிட்ட முப்பத்திரண்டு வருசம் வேல பாத்தவன் நான். காட்டுறதுக்கு ஒண்ணு, நடக்குறதுக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அது நம்ம கையில நிக்காது. நாளைக்கு ஒனக்குப் பெறவு வாரவன் அத எதுக்கு வச்சுக்கிடுவான்னு சொல்ல முடியுமா? நான் கூட்டத்துல நேராச் சொல்லுதேன். அவங்க வீட்டு ஆளுதான உள்ள கெடக்கு? சொன்னாப் புரியாதா?"

"புரியுமா அண்ணாச்சி?"

"புரியும்."

ஆயுசில் நான் சனங்களை நம்பினது அந்த ஒரு தடவைதான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராகு காலம் முடிந்து கதவு திறக்கிற வரைக்கும் கதவோடு ஒட்டி நின்றேன். ஞாயிறு நாலரை ஆறு என் நேரம் இல்லை, ஆனாலும் வந்து நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை திருநெல்வேலியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். சின்ன வயசு, வெள்ளைச் சட்டை, ஆளைப் பார்த்துப் பேசாத கண். என் பெயரைக் கேட்டதும் "ஐகோர்ட்டே வந்தாச்சு, அப்ப எனக்கு என்ன வேலை" என்று சிரித்தார். ஜெசிந்தா நீட்டிய தாளைப் புரட்டினார்.

"வெள்ளிக்கிழமை தொண்ணூறு நேரம் இருக்கு. தொண்ணூறு டிக் இருக்கு. நூத்துக்கு நூறு. தவறு எங்க இருக்கு?"

"இல்லாத ஆறுலதான் சார் இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"இல்லாததை நான் எப்படி விசாரிக்கிறது? பட்டியல்ல இருக்கிற நேரத்துல எவனாவது சுத்தாம இருந்தா சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கிறேன். இல்லாத நேரத்துக்கு யாரும் பொறுப்பில்லை." பேனாவை மூடினார். "கோரிக்கையை மாத்தணும்னா கூட்டத்துல பேசுங்க."

மில் முற்றத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே கூட்டம். வெயில் தாழ்ந்து ஆறு மணிக்குத்தான் சனம் வந்தது. இருநூறு பேருக்கு மேல் இருக்கும். தூங்காமல் மிஞ்சின பாதிச் சனம். எல்லோர் முகத்திலும் தோல் உரிந்திருந்தது.

நான் எழுந்தேன். எனக்குப் பேசத் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னேன்.

"ராகு காலத்த எடுக்கச் சொன்னது நான்தான். எம்பொண்டாட்டிக்காகச் சொன்னேன். படுக்க வைக்கிற நேரத்துக்குச் சொன்னேன், அது சுத்துக்கும் சேந்து போயிட்டு. அந்த நேரம் கதவு பூட்டிக் கெடக்கு. ஒண்ணே முக்கால் மணி நேரம் உள்ள ஒருத்தனும் கெடையாது. கொழா மடங்குனா ஒரு மணி பத்து நிமிசம்தான் தாங்கும். தவசி அப்படித்தான் போனான். எம்பொண்டாட்டி அவனுக்கு ஏழு கட்டில் தள்ளிக் கெடக்கா. ஒங்க வீட்டு ஆளும் அங்கதான் கெடக்கு. அந்த நேரத்தத் திரும்பச் சேக்கச் சொல்லிக் கையத் தூக்குங்க. வேற ஒண்ணும் கேக்கல."

முன்வரிசையில் கோமதி எழுந்து நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து நாலு நாள் ஆகியிருக்கும்.

"அண்ணாச்சி, எம்புள்ளய நீங்கதான பாத்திய?"

"ஆமா தாயி."

"பத்தே காலுக்கு நல்லா இருந்தானா?"

"நல்லா இருந்தான்."

"பன்னெண்டுக்குப் போயிட்டான்."

"ஆமா."

"வெள்ளிக்கெழம."

"ஆமா."

"அப்ப ராகு காலத்துலதான் உசுரு போயிருக்கு."

அவள் பேச்சு எங்கே போகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "தாயி, நேரம் கொல்லல. ஆள் இல்லாமச் செத்தான்."

"ஆள் பத்தே காலுக்கும் வந்தாவ, பன்னெண்டுக்கும் வந்தாவ. நடுவுல வந்தது யாரு? மத்த தொண்ணூறு நேரத்துலயும் போவாத உசுரு அந்த நேரம் பாத்து ஏன் போச்சு? சொல்லுங்க அண்ணாச்சி. மூணு மாசம் கெடந்தாம்லா. ஏன் அப்பப் போச்சு?"

எனக்குப் பதில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். ராகு கொன்றிருந்தால் அவள் கொல்லவில்லை. ஆள் இல்லாமல் செத்திருந்தால், அவள் படுத்திருக்க வேண்டிய கட்டிலில் அவன் படுத்துச் செத்தான். அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு கயிற்றை. அதை எல்லோர் முன்னாலும் அறுக்க என்னால் முடியவில்லை. அறுத்திருக்க வேண்டும்.

ரேஷன் கடைக்காரர் எழுந்தார். "ராகு காலத்துல என்ன இருக்குன்னு கேட்டவனெல்லாம் இப்பக் கேக்கட்டும். கண்ணு முன்னால நடந்திருக்கு. அந்த நேரத்துல கதவத் தெறந்து ஆளு போயித் தொட்டா இன்னும் என்னென்ன ஆவுமோ."

"தொடாமத்தான வே செத்தான்" என்று கத்தினேன்.

யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "ராகு மட்டுந்தானா? எமகண்டம்?" என்றான். பேரிலேயே எமன் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "குளிகையில ஒண்ணு நடந்தா அதே திரும்ப நடக்கும்பாவ. ஒரு சாவு போதும். குளிகையிலயும் கை வைக்க வேண்டாம்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் புருஷன் முந்நூற்று நாலில் கிடக்கிறான். அவனைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். அங்கே வந்த அத்தனை பேரும் காப்பாற்றத்தான் வந்தார்கள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணையும் எடுக்கணும்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. மைதீன் பாயின் கையும் எழுந்தது. நான் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்தேன்.

"பாய், ஒமக்கு என்ன வே ராகு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் தூக்கலைன்னா எத்தன பேரு பாப்பானுவ தெரியுமா? நாளைக்கு என் வரிசையில ஒண்ணு போச்சுன்னா, இந்தாளு அன்னைக்குக் கை தூக்கலம்பானுவ. நீரு தூக்காம இருக்கலாம் வே. நான் இருக்க முடியாது."

என் ஒரு கை மட்டும் கீழே இருந்தது. அதிகாரி ஒன்று என்று எழுதினார்.

ஜெசிந்தா முன்னால் போய் நின்றாள். "சார், மூணையும் எடுத்தா எழுவத்தெட்டுதான் வரும். புதன்கெழமையும் ஞாயித்துக்கெழமையும் ரெண்டு காலம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வருது. மூணே கால் மணி நேரம் கதவு தெறக்காது. நான் அத அடிக்க மாட்டேன்."

"நீங்க அடிக்க வேண்டாம்மா" என்றார் அவர், கோபமே இல்லாமல். "இனிமே பட்டியல் எங்க ஆபீஸ்லயே போட்டு அனுப்பிருவோம். ஒரு வரிதானே."

கூட்டம் கலைந்தபோது கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லதுதான் செஞ்சிருக்கீய அண்ணாச்சி, முதல்லயே ராகு காலத்த எடுக்கச் சொல்லி. இல்லன்னா இன்னும் எத்தன பேரு போயிருப்பாவளோ." அவள் கை சூடாக இருந்தது.

ராத்திரிக்குள் புதுப் பட்டியல் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் ஜெசிந்தாவின் அறைக்குப் போனேன். பையில் சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அன்னைக்குச் சொன்னியே. ரெண்டு பட்டியல். அதப் போட்டுரு."

"எனக்கு அனுமதி இல்ல அண்ணாச்சி. நேத்தே எடுத்துட்டாங்க. என் பேரை அடிச்சா உள்ளயே விட மாட்டேங்குது."

"வேற வழி?"

"வெள்ளிக்கெழம இருந்துச்சு."

அவள் சொன்னது குத்திக் காட்ட இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் புருஷனும் நூற்று முப்பதாம் கட்டிலில்தான் கிடக்கிறான். பஸ் போகிற நேரம் ஆகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் கூடப் போனேன். "அக்காவ நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

எழுபத்தெட்டு. அதையும் நாங்கள் ஒன்று விடாமல் அமுக்குகிறோம். திருநெல்வேலிக்கு நூற்றுக்கு நூறு என்று போகிறது.

இன்றைக்குப் புதன்கிழமை. எமகண்டம் காலையில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை போனது, ஒன்றும் ஆகவில்லை. பத்தே கால் சுற்றில் உள்ளே போனபோது அவள் குழாயை ஒன்றுக்கு மூன்று தடவை நீவிவிட்டேன். மூடி இறங்குவதற்குள் அவள் தோளுக்கு அடியில் என் துண்டை மடித்து வைத்தேன். குழாய் மடங்காமல் இருக்குமா, துண்டே அமுக்குமா என்று தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை. வெளியே வந்ததும் கதவு மூடியது. பத்தரைக்குக் குளிகை, பன்னிரண்டுக்கு ராகு. ஒன்றரைக்குத் திறக்கும்.

கதவில் காதை வைத்தால் கம்ப்ரஸர் சத்தம் மட்டும் கேட்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஆரம்பித்த இதை இப்போது கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றவர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். ஒரு பக்கம் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகிறது, கை கூடி வரவில்லை. துண்டை வைத்திருக்கக் கூடாதோ என்று இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

மணி பதினொன்று முப்பது. கதவு மூடி ஒரு மணி பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது. மூடின உடனே மடங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மடங்காமல் இருந்தால் மிச்சம் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதில் எப்போது வேண்டுமானாலும் மடங்கலாம். ஆவணி கடைசிக்கு இன்னும் அறுபத்தாறு நாள்.